கதவில் ஒட்டிய மெத்தோதி

"மெத்தோதியா? அவர் செத்துட்டாரும்மா" என்று போனில் சொல்லிவிட்டு, வாயிலிருந்த ரொட்டியை மென்று முடித்தார் மெத்தோதி.

மறுமுனையில் ஒரு விற்பனைப் பெண். மற்ற விற்பனைக் கம்பெனிகள் அழைத்தால் பின்னணியில் சந்தை இரைச்சல் கேட்கும். இந்தப் பெண்ணுக்குப் பின்னால் மட்டும் எதுவுமே கேட்காது. பனி விழுகிற வெட்டவெளியில் நின்று பேசுவது போலிருக்கும்.

மூன்று வாரமாக, தினமும் மதியம் இரண்டு மணிக்கு, இவெலினா என்கிற அந்தப் பெண் அவருக்கு ஆட்டுக்கம்பளி விற்றுக்கொண்டிருந்தாள். கத்திப் பார்த்தார். தொண்டைக்கு வெந்நீர் குடிக்கச் சொன்னாள். தொல்லை விட்டால் போதுமென்று ஒரு கம்பளி வாங்கியும் பார்த்தார். மறுநாளே, "ஜோடியா ஒரு தலையணை?" என்றாள்.

போனை எடுக்காமலும் இருக்க முடியாது. ஸ்பெயினில் இருக்கும் மகள் தெசிஸ்லாவா எந்நேரமும் அழைப்பாள். உடனே எடுக்காவிட்டால், "தனியா இருந்தது போதும்ப்பா, இங்க வந்துடுங்க" என்று ஆரம்பித்துவிடுவாள். மனைவி ராத்கா போன வருஷம் கண்ணை மூடியதிலிருந்து, டான்யூப் நதிக்கரை ரூசே நகரத்து இந்த இரண்டு அறை வீட்டைவிட்டுப் பிணமாகத்தான் வெளியேறுவது என்று மெத்தோதி வைராக்கியமாக இருந்தார். அதைத்தான் இப்போது கொஞ்சம் முன்கூட்டி அறிவித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப பேசறது யாரு?"

"அவரோட தம்பி."

"மெத்தோதி பெரியப்பாவுக்குத் தம்பி கிடையாதே."

"உனக்கு யார் சொன்னா?"

"அது இருக்கட்டும். அடுப்பில சூப் பொங்குது பாருங்க."

பொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்தார். ஜன்னல் திரையையும் இழுத்து மூடினார். அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.

"எங்க விதிப்படி, கதவுல இரங்கல் தாள் ஒட்டியிருக்கணும். எங்க ஆள் வந்து பார்த்ததும் பட்டியல்லேர்ந்து நம்பரை அடிச்சுடுவோம்."

நியாயம்தான். ரூசேயில் சாவது பெரிதல்ல. போட்டோவோடு கதவில் தாள் ஒட்டினால்தான் செத்தது செல்லும்.

தாள் அச்சடிக்கப் போனபோது, அச்சகக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "யாருக்கு?"

"எனக்கு."

"கல்லறைக் கல்லையே உயிரோட இருக்கறப்ப செதுக்கி வைக்கறாங்க, தாளுக்கென்ன. போட்டோவுலயாவது கொஞ்சம் சிரிச்சிருக்கலாம் நீங்க."

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒட்டினார். பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. கம்பெனி ஆள்தான் என்று திறந்தார். மூன்றாம் மாடி ஸ்தாங்கா, சாவு வீட்டுக்கென்று அவித்துச் சர்க்கரை தூவிய கோதுமைத் தட்டோடு நின்றாள். தட்டு விழுந்தது. கோதுமை படிக்கட்டெல்லாம் சிதறியது.

"அண்ணே! நீங்கதான் செத்துட்டீங்களே!" சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

"சும்மா ஒரு பேச்சுக்கும்மா."

"பேச்சுக்கா? உங்க பொண்ணுக்குப் போன் போட்டு ஒப்பாரியே வச்சுட்டேனே! பாவி மனுஷா, அடுத்த தடவை நெஜமாவே செத்தாலும் நான் வரமாட்டேன்!"

உள்ளே போன் அடித்தது.

"நான்தாம்மா பேசறேன்" என்றார். மகள் அலறினாள். பிறகு அழுதாள். பிறகு, அவர் எதற்குப் பயந்தாரோ அந்த நிதானமான குரலுக்கு வந்தாள்.

"டிக்கெட் போட்டாச்சு. நாளைக்கு வரேன். தன் சாவுக்குத் தானே தாள் ஒட்டற மனுஷனை இனிமே தனியா விடறதா இல்ல. பெட்டியைக் கட்டுங்கப்பா."

ஓடிப்போய்த் தாளைக் கிழித்தார். பசை நல்ல பசை. போட்டோவில் ஒரு கண் மட்டும் கதவிலேயே தங்கி, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

மதியம் டான்யூப் நதியிலிருந்து கிளம்பிய மூடுபனி ஜன்னல்வரை வந்து நின்றது. சரியாக இரண்டு மணி. போன் அடித்தது.

"பொண்ணே, உன்னால என்னை வீட்டைவிட்டே கிளப்பறாங்க" என்றார். "என் பொண்டாட்டி உக்காந்த நாற்காலி, அவ தொட்ட பாத்திரம், எல்லாத்தையும் போட்டுட்டு நான் எங்க போவேன்? தாள்தான் ஒட்டினேனே, நம்பரை அடிச்சியா இல்லையா?"

"நீங்க சாகலையே பெரியப்பா."

"உயிரோட இருக்கறவன் என்னதான் செய்யணும்?"

"நம்பர் குடுத்தவங்க வந்து அடிக்கச் சொல்லணும்."

"எவன் குடுத்தான்?"

காகிதம் புரளும் சத்தம். "ராத்கா பெரியம்மா. ஓரத்துல எழுதியிருக்காங்க. 'ரெண்டு மணிக்குப் போன் போடுங்க, அடுப்பைப் பத்த வச்சுட்டுத் தூங்கிடுவார். கத்துவார், போனை வச்சுடாதீங்க. கத்தறதுக்கு அவருக்கு வேற ஆள் இல்ல.'"

மெத்தோதி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். கடைசி நாட்களில், படுத்த படுக்கையாகக் கிடந்துகொண்டே எந்தப் படிவத்தை நிரப்பி அனுப்பினாளோ! கம்பளியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"அவ எப்படிம்மா வந்து சொல்லுவா?" என்றார், கண்ணைத் துடைத்தபடி. "அவ போய்த்தான் ஒரு வருஷமாச்சே."

"ஏன் பெரியப்பா, இன்னிக்குக் காலையிலகூட வந்து, உங்க பொண்ணு வீட்டு ஸ்பெயின் நம்பரையும் எழுதிக் குடுத்துட்டுத்தானே போனாங்க!" என்றாள் இவெலினா.