புறா பறந்துபோன பாட்டு

வளைகுடாவில் இத்தனை வருஷத்தில் என்னை வெட்கித் தலைகுனிய வைத்தவர்களில் முவைலாவில் எங்களோடு ஒரே ரூமில் தங்கியிருந்த புறாவை மிஞ்ச ஆள் கிடையாது. போட்டிக்குக்கூட ஒருத்தரும் இல்லை.

புறா என்பது நாங்கள் வைத்த பெயர். தொழில் எலக்ட்ரீஷியன். குளிர்காலக் கண்காட்சி ஒன்றுக்கு வயரிங் செய்யப் போனவன், தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையிலிருந்து வந்திருந்த குழல்காரர் ஒருவரோடு ஒட்டிக்கொண்டுவிட்டான். திரும்பும்போது போன் நிறைய மலைப்பாட்டு. குளிக்கும்போதும் பாட்டு, பருப்பு தாளிக்கும்போதும் பாட்டு, கூடவே ஆட்டம். ஒருநாள் கரண்டியோடு சுழன்றதில் என் மெத்தைக்குச் சாம்பார் அபிஷேகமே ஆகிவிட்டது.

அர்த்தமும் அவனே சொல்வான். காதலியை அவர்கள் புறா என்றுதான் கூப்பிடுவார்களாம். பாட்டு முடிவதற்குள் புறா பறந்துவிடும்.

“ஏன்டா, அந்த ஊர்ல ஒரு புறாகூடவா திரும்பி வராது?”

“வந்துட்டா அப்புறம் பாட்டு ஏதுண்ணே?”

அறந்தாங்கியில் என் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. எனக்கு லீவு வரவில்லை. ரூமிலேயே முருகன் படத்துக்கு விளக்கேற்றி, வேட்டி கட்டி, வீடியோ காலில் உட்கார்ந்துவிட்டேன். தட்டு மாற்றும் நேரம், அங்கே நாதஸ்வரக்காரரைக் காணோம். மங்கல வாத்தியம் இல்லாமல் எப்படி? மெதுவான பாட்டில்தான் அழுகை இருக்கும், துள்ளுகிற பாட்டெல்லாம் கல்யாணப் பாட்டாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

“டேய் புறா, நல்லாத் துள்ளுறதா ஒண்ணு போடு.”

“அண்ணே, அது வந்து…”

“யல்லா, போடுறா!”

போட்டான். மண்டபமே கை தட்டியது. சம்பந்தி போனுக்குள் முகத்தை நுழைத்து, “பிரமாதம் தம்பி! என்ன அர்த்தம்?” என்றார்.

புறாவோ பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். “அவனோட புறா வேற ஒருத்தன்கூடப் போயிருச்சுங்க. இவன் ஆத்தங்கரையில நின்னு அழுவுறான்.”

அங்கே என் மனைவி கையிலிருந்த போன் சரிந்து, சீலிங் ஃபேன் மட்டும் தெரிந்தது. சம்பந்தியம்மா குரல் கேட்டது: “நல்ல நாளும் அதுவுமா இதென்ன அபசகுனம்? தட்டைக் கீழ வைங்க!”

முருகா, பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

“கோவிச்சுக்காதீங்கம்மா,” என்றான் புறா. “அந்த மலையில அழுகை வந்தா ஆடிக்கிட்டேதான் பாடுவாங்க. எங்க அண்ணனும் அதே ஜாதிதான். காலையிலேர்ந்து பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறாரு, கண்ணைப் பாருங்க.”

போனை என் முகத்துக்கு நேரே திருப்பிவிட்டான். தாடி வரை நனைந்திருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. துண்டென்று எடுத்துத் துடைத்தேன். அது யாரோ காயப்போட்ட பனியன்.

ஃபேன் நகர்ந்து சம்பந்தியம்மா முகம் வந்தது. அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். “அழுவாதீங்கண்ணே. உங்க புள்ளைய நாங்க பார்த்துக்குறோம்.”

தட்டு மாறியது. சம்பந்தி வீட்டார் முன்னால் பனியனில் மூக்கைச் சிந்தியதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

புறா இப்போது வேலை மாறி, குவைத்தில், ஃபர்வானியாவில் இருக்கிறான். எங்கள் ரூமில் சாம்பார் மெத்தைக்கு வராமல் சட்டியோடு இருக்கிறது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது முருகனிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த மலையில் எத்தனை புறா வேண்டுமானாலும் பறக்கட்டும், அப்பா, எங்களுடையதை மட்டும் திருப்பி அனுப்பிவிடு.