அடிமூட்டையாரும் அமெரிக்க வரனும்

கம்பம் பள்ளத்தாக்கில் எதையும் மேலிருந்து பார்க்க மறுத்த ஒரே மனிதர் அடிமூட்டையார்தான். கடவுளே நேரில் தோன்றியிருந்தாலும், முதலில் உள்ளங்காலைத் திருப்பிக் காட்டச் சொல்லியிருப்பார்.

அவர் ஏலக்காய்த் தரகர். மூட்டையின் வாயில் பச்சைப் பசேலென்ற காய்களைப் பரப்பி, அடியில் வெடித்ததையும் சூம்பியதையும் நிரப்பும் வித்தை மலையில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே அவர் மேற்காயைக் கண்ணெடுத்தும் பாரார். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, கையை மூட்டைக்குள் முழுவதுமாக விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். அவருடைய இயற்பெயர் ரேஷன் அட்டைக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

தொழிலோடு நின்றிருந்தால் குற்றமில்லை. செய்தித்தாளையும் அடுக்கின் அடியிலிருந்துதான் உருவுவார். டீக்கடையில் அடி வடையைக் கேட்டு, மேலிருந்த அத்தனை வடைகளையும் கடைக்காரரை இறக்கி வைக்கச் செய்வார். நான் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது மாணவர்கள் எனக்கொரு பாராட்டு மலர் வெளியிட்டனர். அதை அவரிடம் நீட்டினேன். நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

"யாரு சாரே போட்டது?"

"என் மாணவர்கள்."

"பெயிலானவன் எவனாச்சும் எழுதியிருக்கானா?"

"அவன் எப்படி எழுதுவான்?"

"அப்ப இது மேல்மூட்டை" என்று திருப்பித் தந்துவிட்டார். ஆறு மாதம் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஊரில் பிரவுசிங் சென்டர்கள் முளைக்கத் தொடங்கிய காலத்தில் என் மகள் தமிழரசிக்கு ஒரு வரன் வந்தது. சின்னமனூர்ப் பையன், அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் கணினி வேலை. இருவருக்கும் பிடித்துப்போய் மின்னஞ்சலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அதிலொன்றில் அவன், தான் ஒரு மார்மன் குடும்பத்தின் வீட்டு மாடியில் குடியிருப்பதாகவும், அவர்கள் தங்கமானவர்கள் என்றும் எழுதியிருந்தான். தமிழரசி அதை என்னிடம் பெருமையோடு படித்துக் காட்டியதுதான் வினை.

மார்மன் என்ற சொல்லை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. பிரவுசிங் சென்டருக்குச் சென்று தேடி, முதலில் வந்த பக்கத்தைப் பதினாறு தாள்களில் அச்செடுத்து வந்தேன். படிக்கப் படிக்க வியர்த்தது. அமெரிக்காவில் கிறித்துவின் பெயரால் தோன்றிய ஒரு சமயமாம். அதன் முன்னோர்களுக்குப் பல மனைவியராம். சிரித்த முகத்தோடு வலை விரிப்பார்களாம். உள்ளே போனவர் வெளியே வருவது அரிதாம். என் வருங்கால மருமகன் ஏழெட்டு மனைவியரோடு கம்பம் பேருந்து நிலையத்தில் இறங்குவதாகவும், "இதுல உங்க பொண்ணு எத்தனாவது சார்?" என்று ஊரார் விசாரிப்பதாகவும் கண்முன் காட்சி விரிந்தது.

இச்சம்பந்தத்தில் எமக்கு விருப்பமில்லை என்று பையனின் தந்தைக்குக் கடிதம் எழுதி உறையிலிட்டு, மேசைமேல் வைத்தேன். "அப்பா, அவரு அங்கன வாடகைக்கு இருக்காரு, அம்புட்டுத்தான்!" என்று கத்திவிட்டு உள்ளே போன தமிழரசி, மூன்று நாள் என்னிடம் பேசவில்லை.

நான்காம் நாள் காலை, போடியில் நடக்கும் ஏலத்திற்குப் புறப்பட்ட அடிமூட்டையார் வழியில் எட்டிப் பார்த்தார்.

"என்ன சாரே, வீடு எழவு விழுந்த கணக்கா இருக்கு?"

விவரம் சொல்லிப் பதினாறு தாள்களையும் நீட்டினேன். ஆங்கிலம் அறியாதவர், ஆயினும் கடைசித் தாளை உருவிப் புரட்டிப் பார்த்தார்.

"யாரு எழுதுனது?"

"இன்டர்நெட்ல இருக்குய்யா."

"இன்டர்நெட்டு யாரு வீட்டுப் பய?"

உள்ளறையிலிருந்து தமிழரசியின் குரல், "நல்லாக் கேளுங்க மாமா!" என்றது.

அன்று அவர் ஏலத்திற்குப் போகவில்லை. எங்கள் இருவரையும் பிரவுசிங் சென்டருக்கு இழுத்துச் சென்றார். "அடிக்கு விடு ஆத்தா" என்றார். வெறும் முகவரி என்று நான் அச்செடுக்காமல் விட்டு வந்த கடைசிப் பகுதியைத் தமிழரசி உரக்கப் படித்தாள். மார்மன் சபையிலிருந்து மக்களை மீட்டுத் தங்கள் சபைக்கு அழைப்பதற்காக வேறொரு சபையார் நடத்தும் தளம் அது.

"எதுத்த கடைக்காரன்" என்றார் அடிமூட்டையார். "பொய்யின்னு சொல்லல சாரே. அவுக மூட்டையில வெடிச்ச காயா மட்டும் பொறுக்கி வச்சிருக்காக. சரி, மார்மன்காரவுக சரக்க எடு."

எடுத்தாள். குடும்பம் குடும்பமாகச் சிரித்தார்கள். புல்வெளி, பாட்டு, பணிவான பிள்ளைகள். எனக்கு மனம் இளகிவிட்டது. "நல்லவங்களாத்தான் தெரியுது" என்றேன்.

அவர் திரையை ஒட்டிக் குனிந்தார். "இம்புட்டுப் பல்லா? ஒருத்தருக்குக்கூடச் சொத்தப் பல் இல்லையே! அடிக்கு விடு."

அடியில் அந்தச் சபையின் பெயரே இருந்தது. பல மனைவியர் சங்கதி அந்தப் பக்கத்தில் தேடியும் கிடைக்கவில்லை.

"ரெண்டும் மேல்மூட்டை."

"அடிமூட்டைக்கு எங்கய்யா போறது? யூட்டாவுக்கா?" என்று எரிந்து விழுந்தேன்.

"அங்கன நம்ம மாப்பிள்ள ஒருத்தரு இருக்காருல்ல. தட்டு ஆத்தா. வீட்டுக்காரருக்கு எத்தன சம்சாரம்? உங்களச் சேரச் சொன்னாகளா? நீங்க என்ன சொன்னீக?"

மூன்று நாள் பேசாதிருந்தவள் சிரித்துக்கொண்டே தட்டினாள். மறுநாள் பதில் வந்தது. நாங்கள் மூவரும் திரையின் முன் நெருக்கியடித்து நின்றோம்.

வீட்டுக்காரருக்கு ஒரே மனைவி. அந்த அம்மாளுக்கு முழங்கால் வலி. தம் கொள்ளுப்பாட்டனுக்கு மூன்று மனைவியர் இருந்ததை வீட்டுக்காரரே சொன்னாராம். சபை அவ்வழக்கத்தைக் கைவிட்டு நெடுங்காலமாயிற்றாம். பையனைச் சேரச் சொல்லி இருமுறை கேட்டு ஒரு புத்தகமும் கொடுத்தார்களாம்; பாதி படித்துவிட்டு மாட்டேன் என்றதில் அவர்களுக்கு வருத்தமாம். அவர்கள் காபி, டீ தொடமாட்டார்கள். இவன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கிறானாம். காய்ச்சல் கண்டபோது அந்த அம்மாள் முழங்கால் வலியோடு மாடியேறி ஏதோ சூப்புக் கொண்டுவந்தாராம். வாயில் வைக்க முடியவில்லையாம்.

அடிமூட்டையாரின் முகம், பத்து மூட்டைக்குப் பிறகு ஒரு நல்ல மூட்டையைக் கண்டதுபோல் மலர்ந்தது.

"நல்ல காயும் கெடக்கு, வெடிச்சதும் கெடக்கு. இதான் சாரே அடி. பொண்ணக் குடுங்க."

வீட்டுக்குத் திரும்பியதும், என் மேசை மேலிருந்த உறையை அவரே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். திருமணத்தன்று பந்தியில் இலைக்கட்டின் அடியிலிருந்து ஓர் இலையை உருவிக்கொண்டு அமர்ந்தார். அக்கடிதத்தைப் பற்றி ஊரில் ஒருவரிடமும் அவர் வாய் திறக்கவில்லை.

அவர் மறைந்த பின்னர் ஒருநாள் என் சம்பந்தி ஒன்றைச் சொன்னார். வரன் பேசத் தொடங்கிய காலத்தில் அவரும் என்னைப் பற்றி ரகசியமாக விசாரித்திருக்கிறார், அடிமூட்டையாரிடமே.

"என்ன சொன்னாரு?" என்றேன்.

"'சாருக்குத் தலைக்கனம் சாஸ்தி, அவசரப் புத்தியும் உண்டு. ஆனா பொண்ணுன்னா எறங்கி வந்துருவாரு'ன்னாக. அதக் கேட்டுத்தான் எங்களுக்கு நம்பிக்கையே வந்துச்சு."

எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அலமாரியில் வைக்க இயலாதது அதுவொன்றே.

இந்தப் பக்கத்திலும் அடிவரை வந்து, எழுதியது யார் என்று பார்ப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முழுவதும் நம்பிவிட வேண்டாம். எழுதியவன் அவருக்கு ரொம்பவும் வேண்டியவன்.