உள்வாடகை அண்ணாச்சி பால் காய்ச்சிய கதை

சங்கரன்கோவிலில் ஒருவன் பெண்டாட்டி பிள்ளையோடு, சாமான்செட்டோடு தெருவில் நிற்கிறான் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவன் இன்னும் உள்வாடகை அண்ணாச்சியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சாயங்காலத்துக்குள் அவனுக்கு ஒரு வீடு அமைந்திருக்கும். அந்த வீட்டில் தண்ணீர் வருமா, மழைக்கு ஒழுகுமா என்பதெல்லாம் குடிபோன பிறகு அவன் தெரிந்துகொள்ள வேண்டிய சமாச்சாரம்.

அண்ணாச்சிக்கு வீட்டு புரோக்கர் தொழில். மேலநீலிதநல்லூரிலிருந்து ராயகிரி வரைக்கும் எந்த வீடு எப்போது காலியாகும் என்பது, அதில் குடியிருப்பவனுக்குத் தெரியும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். நான் வேலை மாற்றலில் இந்த ஊருக்கு வந்தபோது, அவருடைய சொந்த வீட்டுக்கு நேர் எதிரிலேயே எங்களுக்கு ஒரு வீடு பிடித்துத் தந்தார்.

"தண்ணி எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"தண்ணியா? அது ஒரு தொல்லைவே. நிறுத்த முடியாம வரும்."

பால் காய்ச்சி ஒரு வாரமாகியும் குழாயில் காற்றுதான் வந்தது. என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றாள். அண்ணாச்சி அசரவே இல்லை. "வரட்டும் தாயி, வந்த பொறவு நிறுத்திப் பாரு, முடியுதான்னு" என்றார்.

இப்படி ஊருக்கே வீடு பார்த்துக் கொடுத்த மனுஷனுக்கு, இன்னொருத்தர் வீட்டில் ஒரு ராத்திரி தங்க முடியாது. காரணம் அவர் வயிறு. அது அவருடைய சொந்தக் கக்கூஸைத் தவிர உலகத்தில் வேறெங்கும் வேலை செய்யாது. அங்கேயும் சும்மா செய்யாது. ஒரு செம்பு வெந்நீர், முழு தினசரிப் பேப்பர், நடுநடுவே "யப்பா முருகா" என்ற முனகல், எல்லாம் வேண்டும். அந்தக் கக்கூஸுக்குத் தனிப் பூட்டு வேறு. ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வண்டி பிடித்து வந்து இறங்குவார்கள். அண்ணாச்சி எல்லாருக்கும் இலை போட்டுச் சோறு போடுவார். கக்கூஸ் சாவியை மட்டும் அரைஞாண் கயிற்றிலிருந்து அவிழ்க்க மாட்டார். கல்யாணம், கருமாதி என்று வெளியூர் போனால் முதல் பஸ்ஸில் போய்க் கடைசி பஸ்ஸில் திரும்பிவிடுவார். பெற்ற மகள் கோமதியைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்தவர், சம்பந்தி வீட்டில் அன்று ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கோமதிதான் ஒருநாள் போன் செய்தாள். அண்ணாச்சி எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார் என்பதால் எங்கள் தெருவுக்கே அவர் குடும்ப விஷயம் அத்துப்படி.

"யப்பா, பிரசவத்துக்கு நாள் நெருங்குது. அம்மைதான் இல்ல. நீங்களாவது வந்து பத்து நாள் எங்கூட இருங்கப்பா."

"வாரேன் தாயி, வராம இருப்பனா? காலையில வந்து பிள்ளையப் பாத்துட்டு, சாயங்காலம்..."

"அப்படி வாரதுன்னா வரவே வேண்டாம்." போன் கட்டாகிவிட்டது.

அண்ணாச்சி நேராக எங்கள் வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். வழக்கமாக வரும்போதே காபி கேட்பவர், அன்று கேட்கவில்லை. "அவ அம்மை இருந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காதுவே. வயித்துக்குப் பயந்துக்கிட்டு மக பிரசவத்துக்குப் போகாத தகப்பன் நாட்டுல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கோமதி கோபக்காரிதான், ஆனால் விட்டுவிடுகிற ரகம் இல்லை. அடுத்த வாரமே கூரியரில் ஒரு டப்பா வந்தது. நார்ச்சத்துப் பொடி. கூடவே ப்ரீபயாடிக், புரோபயாடிக் என்று அட்டையில் ஆங்கிலத்தில் ஏதேதோ போட்டிருந்தது. போனில் அவளே விளக்கினாள். "புரோபயாடிக்னா வயித்துக்கு நல்லது செய்யுத கிருமிப்பா. ப்ரீபயாடிக்னா அந்தக் கிருமிக்குச் சாப்பாடு. நார்ச்சத்து இருந்தா எல்லாம் லேசாப் போகும்."

அண்ணாச்சிக்கு உடனே புரிந்துவிட்டது. "அதாவது நல்ல குடித்தனக்காரனா பாத்து உள்ள வைக்கணும். அவனுக்கு அரிசி பருப்பும் நாமதான் குடுக்கணும். அப்படித்தான?"

டப்பாவில் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடிக்கவும் என்று போட்டிருந்தது. அதை யார் படித்தார்கள்? எங்கள் ஊர்க் கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். வயிற்றில் என்ன கோளாறு என்றாலும் ஒரு சிட்டிகை எடுத்து அப்படியே நாக்கில் போட்டுக்கொள்வது வழக்கம். அந்தப் பழக்கத்தில் இந்த ஊர்க்காரர் உள்ளங்கையில் எந்தப் பொடியைக் கொட்டினாலும் கை தானாக வாய்க்குப் போய்விடும். அண்ணாச்சி பக்தி கொஞ்சம் அதிகமானவர். கை நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டார்.

பொடி வாயிலிருந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக் களியாகி மேலண்ணத்தில் அப்பிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துச் சிவகிரியிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்து நின்றார்கள். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டைப் பார்க்க வந்தவர்கள்.

"தண்ணி நல்லா வருமா அண்ணாச்சி?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

வாயைத் திறந்திருந்தால் நயாகராவையே இறக்கியிருப்பார். திறக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் இல்லை என்று தலையாட்டினார்.

"மழைக்கு ஒழுகுமா?"

ஆமாம் என்று தலையாட்டினார்.

"பக்கத்து வீட்டுக்காரங்க சண்டை சச்சரவு உண்டா?"

அண்ணாச்சி வாசலில் நின்ற என் மனைவியை ஒருதரம் பார்த்தார். பிறகு ரொம்ப நேரம் தலையாட்டினார்.

"இப்படி மறைக்காம சொல்லுத புரோக்கரை இப்பத்தான் பாக்கோம்" என்று அவர்கள் அங்கேயே வீட்டைப் பேசி முடித்துவிட்டார்கள். நான் செம்பில் தண்ணீரோடு ஓடி வந்து கொடுத்தேன். மடமடவென்று குடித்துவிட்டு அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி, "எந்த வீட்டைவே முடிச்சேன்?"

"தொண்டையில அடைச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? கொஞ்சமாவது புத்தி இருக்கா?" என்று என் மனைவி போட்ட சத்தத்தில், அண்ணாச்சி தலையாட்டியதில் பொய்யே இல்லை என்று சிவகிரிக்காரர்களுக்கும் உறுதியாகிவிட்டது.

அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் இதே பேச்சுதான். "இந்த உடம்பு சங்கரநாராயணர் வீடுவே. நான் வாடகைக்கு இருக்கேன். உள்ள இருக்க கிருமியெல்லாம் எனக்கு உள்வாடகை." அதுவரை வெறும் புரோக்கர் அண்ணாச்சியாக இருந்தவருக்கு உள்வாடகை அண்ணாச்சி என்ற பெயர் அப்படித்தான் வந்தது. பல்வலிக்கு டாக்டர் மாத்திரை எழுதினால், "இது எங்க ஆளுங்களையும் சேத்துக் காலி பண்ணிராதா?" என்று கேட்டுத் தெளிந்த பிறகுதான் வாங்குவார்.

ஒருநாள் பொடியைக் கொதிக்கக் கொதிக்கக் காபியில் கலக்கிக் குடித்துவிட்டு அதைப் பெருமையாக மகளிடம் சொன்னார்.

"ஐயோ யப்பா, சூட்டுல போட்டா அதெல்லாம் செத்துருமே!"

"எத்தனை பேரு தாயி?"

"கோடிக்கணக்குல இருக்கும்பா."

அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்தார். சட்டையைக் கழற்றினார். நேராகக் குழாயடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டார். "என்ன அண்ணாச்சி இது?" என்றேன். "என் வீட்டுல குடியிருந்தவங்கல்லா, எனக்குத் தீட்டு இல்லையா?" என்றார்.

அடுத்து அவசரம் பிடித்துக்கொண்டது. பிரசவத்துக்கு நாள் குறைகிறதே என்று ஒரு கரண்டி போட வேண்டிய இடத்தில் குவித்துக் குவித்துப் போட்டார். வயிறு உப்பி, உள்ளே இடி இடிக்கிற சத்தம் எங்கள் வீட்டுக்கே கேட்டது. "ஆளு ஜாஸ்தியாயிட்டாங்கவே, இடத்துக்கு அடிச்சுக்கிடுதாங்க" என்று நெளிந்தார். ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "கொஞ்சமா ஆரம்பிச்சுப் பைய பைய கூட்டணும் அண்ணாச்சி. தண்ணி நிறையக் குடிக்கணும், நடக்கணும். டப்பாவை மட்டும் நம்பாதீங்க. கீரை, பயறு, பழம்னு சாப்பிடுங்க."

"வெளங்கிட்டும்மா. ஒவ்வொரு குடித்தனமா வைக்கச் சொல்லுதீங்க."

அதன் பிறகு பிழையே இல்லை. காலையில் தண்ணீரில் கலக்கிய பொடி, மத்தியானம் கீரை, சாயங்காலம் சுண்டல், ரதவீதியில் நடை. போகப் போகக் கக்கூஸில் இருக்கும் நேரம் குறைந்தது. அதிலும் ஒரு குறை கண்டுபிடித்தார். "பேப்பர்ல தலைப்பு மட்டும்தான்வே படிக்க முடியுது. நாட்டுல என்ன நடக்குன்னே தெரியல."

இனி வேண்டியது ஒத்திகைதான். தலையணை, சொந்த மக்கு, சோப்பு, பேப்பர், டப்பா சகிதம் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்குத் தங்க வந்தார். விடிந்ததும் தெருவே எங்கள் வாசலில் கூடிவிட்டது. அண்ணாச்சி உள்ளே போனார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். யாரையும் பார்க்காமல் எதிர் வீட்டைப் பார்த்து ஓடினார்.

திரும்பி வந்து, "உம்ம கக்கூஸ்ல மனசு ஒட்டலவே. சுவரு பச்சைக் கலருல இருக்கு" என்றார்.

"இந்த வீட்டைப் பாத்துக் குடுத்ததே நீங்கதான அண்ணாச்சி!" என்றாள் என் மனைவி.

அவர் சிரிக்கவில்லை. "இத்தனை பேருக்கு வீடு பாத்துக் குடுத்தேன் தாயி. எனக்கு ஒரு வீடு ஒத்துவர மாட்டேங்கே. அங்கன போயி பாதியில ஓடி வந்தேம்னா, என் பிள்ளை ஜென்மத்துக்கும் என்னைய மன்னிக்க மாட்டா" என்றார்.

என் மனைவி ஒரு செம்பு தண்ணீரை அவர் கையில் கொடுத்தாள். பிறகு, "அண்ணாச்சி, வீடு பிடிக்கலன்னு உங்ககிட்ட வந்து அழுதவங்களுக்கெல்லாம் என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டாள்.

"ஒரு வாரம் இருந்து பாரும், பழகிரும்னு சொல்லுவேன்."

"எங்ககிட்டயும் அதத்தான சொன்னீங்க. அப்ப நீங்களும் இருந்து பாருங்க. போகக் கூடாது."

சொன்னதோடு நிற்கவில்லை. அவர் வீட்டுச் சாவி, கக்கூஸ் சாவி இரண்டையும் வாங்கி எங்கள் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டாள். மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு மறுநாள் அண்ணாச்சி அந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி அசையவில்லை. ஆனால் வேளாவேளைக்குக் கீரையும் பயறும் வைத்தாள், தண்ணீர்ச் செம்பை நிரப்பிக்கொண்டே இருந்தாள். அந்த வாரம் முடிவதற்குள் ஒரு காலையில் கக்கூஸ் கதவு படாரென்று திறந்தது. அண்ணாச்சி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நின்றார்.

"பால் காய்ச்சியாச்சு!"

கைதட்டல் ரயில்வே ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். என் மனைவி நிஜமாகவே பால் காய்ச்சித் தெருவுக்கே கொடுத்தாள்.

அடுத்த வாரம் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுகிறேன் என்றவர் பண்ணவில்லை. நாங்கள் பண்ணினாலும் எடுக்கவில்லை. மறுநாளும் அப்படியே. தெருவில் யார் பையோடு வந்தாலும் எனக்குப் பக்கென்றது, மனுஷன் ஓடி வந்துவிட்டாரோ என்று. மூன்றாம் நாள் காலையில் போன் அடித்தது. ஸ்பீக்கர் போடாமலே தெருவுக்குக் கேட்டது.

"வே! பால் காய்ச்சியாச்சு!"

"அப்பாடா! மூணு நாளா ரொம்பக் கஷ்டப்பட்டீங்களோ அண்ணாச்சி?"

"எனக்கு வந்த மறுநாளே ஆச்சுவே! இது என் பேத்திக்கு! நேத்துப் பொறந்தா. முதத் துணியை நான்தான் மாத்துனேன்!"

பின்னால் கோமதி சிரிக்கிற சத்தம் கேட்டது. "யப்பா, பைய பேசுங்க, பிள்ளை முழிச்சிரும்."

அண்ணாச்சி வாழ்க்கையில் முதல்தடவையாகக் குரலைத் தாழ்த்தினார். "வலி எடுத்ததுல இருந்து அவ என் கையை விடலவே. 'போயிருவீங்களோன்னு பயந்துக்கிட்டே இருந்தேம்ப்பா'ன்னு சொல்லி அழுதுட்டா. இங்கனதான் இருக்கேன்னு சொன்னேன்."

பத்து நாள் என்று போனவர் இன்னும் வரவில்லை. கோமதி வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். பேத்தி அவர் தோளில் போட்டால்தான் தூங்குகிறாளாம். போன மாதம் போனில் சொன்னார், "வீட்டைச் சும்மா பூட்டிப் போடாதீரும். நல்ல குடித்தனமா பாத்து வையும். சாவிதான் உம்மகிட்ட இருக்கே." சரி என்றேன்.

நேற்று ராயகிரியிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். நல்ல மாதிரியான ஆட்கள். வீட்டைத் திறந்து காட்டினேன். எங்கள் தெருவிலேயே நிஜமாகத் தண்ணீர் வருகிற வீடு அது ஒன்றுதான். கூரையில் ஒரு பொட்டு ஈரம் கிடையாது.

"தண்ணி நல்லா வருமா சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

கொல்லைப்பக்கம் கக்கூஸ் கதவில் அந்தத் தனிப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"வராதும்மா" என்றேன்.

"மழைக்கு ஒழுகுமா?"

"ஊத்தும்."

"அக்கம்பக்கம் எப்படி சார்?"

"பயங்கரமா சண்டை போடுவோம்!" என்று எதிர்வாசலிலிருந்து என் மனைவி சத்தம் கொடுத்தாள்.

அவர்கள் போன பிறகு வீட்டைப் பூட்டி, சாவியை எங்கள் வீட்டு ஆணியிலேயே மாட்டினேன். ஆடித்தபசுக்குப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வருகிறாராம். வந்தால் மனுஷனுக்கு அவர் கக்கூஸ் வேண்டாமா?