மாப்பிள்ளை வீட்டில் மஞ்சுநாத்தின் கணினி

பொறாமைப்பட ஆள் தேடும்போது கொஞ்சம் தூரத்து ஆளாகப் பார்த்துக்கொள்வது நல்லது. பக்கத்து நாற்காலிக்காரன் மேல் பட ஆரம்பித்தால் வயிற்றெரிச்சலுக்கு வார விடுமுறைகூடக் கிடைக்காது. எனக்கு வாய்த்தவன் மஞ்சுநாத்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் இருவரும் ஒரே பிரிவில் வேலை பார்த்தோம். நான் சாத்தூர்க்காரன், தமிழை விட்டால் வேறு பாஷை கிடையாது. அவன் சூளகிரிக்காரன். மேனேஜரிடம் கன்னடம், கேன்டீனில் தெலுங்கு, என்னிடம் தமிழ். அவன் தட்டில் விழும் வடை எப்போதும் என் வடையைவிடப் பெரியது. (அளந்து பார்த்தாயா என்று கேட்காதீர்கள். பார்த்தேன்.)

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவன் வீட்டுக் கணினியைப் பார்த்த அன்றுதான் எனக்குச் சோறு இறங்கவில்லை. அது லினக்ஸில் ஒரு தனி வகை. அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று தட்டித் தட்டி அமைக்கிற வேலையே இல்லை. என்ன மென்பொருள் வேண்டும், திரை எப்படித் தெரிய வேண்டும், எந்த மொழி, யார் உபயோகிப்பது என்று எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதிவிட வேண்டும். ‘இப்படிச் செய்’ என்றல்ல, ‘இப்படி இரு’ என்று. ஒரு கட்டளை கொடுத்தால் கணினி அப்படியே ஆகிவிடும். அதே லினக்ஸை நானும் போட்டிருந்தேன். ஆனால் என் திரை சாம்பல் நிறத்தில் அழுது வடிந்தது. அவனுடையது கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது.

அந்தச் சமயம் பார்த்து எனக்குக் காவேரிப்பட்டினத்தில் பெண் அமைந்தது. பெண்ணை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இனி அவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வர வேண்டும், அதில் திருப்தி என்றால் நிச்சயதார்த்தம். பெண்ணின் தம்பிக்குப் பெங்களூரில் மென்பொருள் வேலை. அவனிடம் ஃபோனில், “என் கம்ப்யூட்டர் மொத்தமும் ஒரே ஃபைல்ல அடக்கம்” என்று அளந்துவிட்டேன்.

“அப்படிங்களா சார்? ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேன்” என்றான்.

வேறு வழியில்லாமல் மஞ்சுநாத்திடம் பென் டிரைவை நீட்டினேன். கோப்பையும் அதோடு சேர்ந்த படங்களையும் தாராளமாகக் கொடுத்தான். (அந்தத் தாராளமும் எனக்குப் பிடிக்கவில்லை.)

“எடுத்துக்கோ குரு. ஆனா அப்படியே போடாத. அதுல மேல பாத்தீனா...” (கன்னடக்காரர்கள் பாணியில் அவனுக்கு எல்லோருமே ‘குரு’தான்.)

“தெரியும், தெரியும்.”

“இல்ல குரு, அந்தப் பேரெல்லாம்...”

“தெரியும்ப்பா.”

சனிக்கிழமை மதியம் அதை ஒரு புள்ளி மாற்றாமல் போட்டேன். ஒரு வரி மாறினாலும் அந்த ஜொலிப்பு குறைந்துவிடுமோ என்று பயம். கட்டளை ஓடி முடிந்தது, அடுத்த முறை போடும்போது எல்லாம் மாறியிருக்கும் என்றது. நிம்மதியாகக் கணினியை அணைத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல் கேட்கப் போனேன்.

ஞாயிறு காலை பெண்ணின் பெரியப்பா, அம்மா, தம்பி மூவரும் வந்தார்கள். பெரியப்பா மாங்காய் வியாபாரி, அந்த வீட்டில் அவர் சொல்வதுதான் முடிவு. ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாவின் கேசரி முடிந்ததும், எல்லாரையும் உட்காரவைத்துக் கணினியைப் போட்டேன்.

திரை ஜொலித்தது. முழுக்கக் கன்னடத்தில். நடுவில் மஞ்சுநாத் பைக்கில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். என் பெயரைத் தட்டினேன், கடவுச்சொல்லைத் தட்டினேன். கணினி ஏற்கவில்லை. ‘மஞ்சுநாத் மாதிரி இரு’ என்று நான் சொன்னேன், அது இருந்துவிட்டது. என்னை யாரென்றே அதற்குத் தெரியவில்லை.

தம்பி கன்னடத்தை எழுத்துக்கூட்டிப் படித்தான். “மஞ்சுநாத், நல்வரவுனு போட்டிருக்கு. யாருங்க சார் அது?”

“கூட வேலை பாக்குறவரு.”

“அவரு கம்ப்யூட்டருங்களா?”

“இல்லை, என்னுதுதான்.”

பெரியப்பா மெதுவாகக் கேட்டார். “உங்களுதுனா உங்கள ஏன் உள்ள விட மாட்டேங்குது?”

அவர் எழுந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். “ஃபிரிட்ஜு யாருதுங்க தம்பி?”

“என்னுது.”

“இந்தச் சேருங்க?”

“அது பக்கத்து வீட்டுது” என்றாள் அம்மா, பொய் சொல்லத் தெரியாத மகராசி.

“சரிங்கம்மா. வீட்டுல கலந்து பேசிட்டு சொல்லி அனுப்புறோம்” என்று பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று பெண் தேடிய எல்லோருக்கும் தெரியும். கொல்லைப்பக்கம் ஓடி, உலகத்தில் யாரைக் கூப்பிடக் கூடாது என்று இருந்தேனோ அவனையே ஃபோனில் கூப்பிட்டு, ஃபிரிட்ஜ் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா இரண்டாவது முறை காபி கொடுத்து அவர்களைப் பிடித்து வைத்திருந்தாள்.

மஞ்சுநாத் வந்தான். வியாபாரத்தில் தெலுங்கு பழகிய பெரியப்பாவிடம் அதிலேயே ஆரம்பித்து, இந்த வருடம் மா பூத்தது, உதிர்ந்தது, விலை என்று போய், ஐந்தே நிமிடத்தில் அவரைத் துண்டை மடியில் வைத்து உட்கார வைத்துவிட்டான். அப்புறம் கணினியை அணைத்து மறுபடி போட்டான். தொடக்கத்தில் வந்த பட்டியலில் பழைய வரி ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். என் சாம்பல் திரை என் பெயரோடு வந்து நின்றது.

“பழசை இது அழிக்காது குரு, பின்னாடியே வச்சிருக்கும். அன்னிக்கே சொல்ல வந்தேன், நீதான் தெரியும்னுட்ட” என்றான், எல்லோர் காதிலும் விழும்படி. பிறகு பெரியப்பாவைப் பார்த்து, “ஃபிரிட்ஜும் இவருதுதாங்க. கூடப் போய் நாந்தான் பாத்து எடுத்துக் குடுத்தேன்” என்றான்.

பெண்ணின் அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். “இந்தத் தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்களா?” என்று கேட்டார்.

நான் மஞ்சுநாத்தை மறைத்தபடி முன்னால் போய் நின்றுகொண்டேன்.

“ஆச்சும்மா. எங்க அக்கா மகதான்.”

அவனுக்கு வாய்த்து எனக்கு வாய்க்காத ஒரு விஷயத்துக்காக நான் சந்தோஷப்பட்டது அன்றுதான். அவனுடைய அக்காவுக்கு மனதாரக் கும்பிடு போட்டேன்.

கல்யாணம் நடந்தது. ஆனால் இன்றுவரை எங்கள் வீட்டுக்குப் புதிதாக எந்தச் சாமான் வந்தாலும் பெரியப்பா அதைத் தட்டிப் பார்த்து, “இது யாருது மாப்ளே?” என்று கேட்காமல் இருப்பதில்லை. கேட்டதும் மொத்தக் குடும்பமும் சிரிக்கும். போன வருடம் கார் வாங்கினேன். பெரியப்பா அதை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி வந்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிராமலேயே பதில் சொன்னாள்.

“இவருதுதான் பெரியப்பா. மஞ்சு அண்ணன் வச்சிருக்கறது இதைவிடப் பெருசு.”