அம்மனுக்குக் கூரை போட்ட டமார்

டமாரைப் பற்றித் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிறதா, போய்ப் பாருங்கள். எதற்கு ஊர் வம்பு? போகமாட்டீர்களா? சரி, கேட்டுத் தொலையுங்கள். கள்ளக்குறிச்சியைச் சுற்றி டமார் பலூன் உடைக்காத கிணறு ஒன்றுகூடக் கிடையாது.

எங்கள் வீட்டு மாடி அறையில்தான் குடியிருந்தான். கம்ப்யூட்டரையும் மைக்கையும் வைத்துக்கொண்டு கோயில் பாட்டு, கடை விளம்பரம் என்று பதிவு செய்து கொடுப்பான். நல்ல பையன். ரிவர்ப் என்கிற வியாதி மட்டும் இருந்தது. ரிவர்ப் என்றால் வேறொன்றுமில்லை. நாம் வாயை மூடிய பிறகும் சுவர் பேசிக்கொண்டிருக்குமே, அது. என் மாமியாருக்குச் சுவரே தேவைப்படாது.

கம்ப்யூட்டருக்குள் அதற்கென்றே பிளக்-இன்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். ஒன்றைப் போட்டால் குரல் கல்யாண மண்டபத்தில் பாடியதுபோல் கேட்கும், இன்னொன்றைப் போட்டால் குகையில் பாடியதுபோல். கடையில் உள்ள புடவையையெல்லாம் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு எழுந்துபோகிறவளைப் போல, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குவான். கடைசியில் தானே தயாரிக்கக் கிளம்பினான். ஓர் இடத்தில் பலூனை உடைத்து, அந்தச் சத்தம் மோதித் திரும்புவதை மைக்கில் பிடித்து ஏற்றிவிட்டால், பாடுகிறவர் அங்கேயே நின்று பாடியதுபோல் கேட்குமாம். கிணறு, தண்ணீர்த் தொட்டி, நெல் குடோன் எதையும் விடவில்லை. நான் கண் அசந்த நேரத்தில் என் சோற்று அண்டாவுக்குள்ளும் ஒன்று. டமார்! அன்று ஓடிய பூனை நைனார்பாளையத்தில்தான் நின்றிருக்கும்.

"டேய், அண்டா ஓட்டையாச்சுன்னா உன் மண்டையிலதான் சோறு வடிப்பேன்."

"ஆயா, உன் அண்டா மாதிரி சவுண்டு எந்த ஊரு ஸ்டுடியோவிலயும் கெடைக்காது ஆயா!"

என் அண்டாவை அதுவரை யாரும் புகழ்ந்ததில்லை. அன்று அவனுக்கு மீன் குழம்பு கொடுத்தேன்.

எங்கள் குலதெய்வம் கல்வராயன் மலையில் இருக்கும் ஓர் அம்மன். என் ஓரகத்தி அஞ்சலை களையெடுக்கப் போகிற இடத்தில் பாட ஆரம்பித்தால் பக்கத்து நிலத்துக்காரியும் வந்து நிற்பாள். ஆனால் அம்மன் முன்னால் மைக்கை அவள் கையில் யாரும் கொடுத்ததில்லை. அந்த ஆடித் திருவிழாவுக்கு அவள் பாட்டைப் பதிவு செய்து மைக்செட்டில் போடலாம் என்று பேச்சு வந்தது. டமார் அவளைப் பாடவைத்து, கைவசம் இருந்ததிலேயே பெரிய ரிவர்ப்பைப் பூசினான். தன் குரலைக் கேட்டு அவளே அழுதுவிட்டாள்.

எங்கள் வகையறாவில் மூத்தவரான பெரிய பங்காளி வந்து கேட்டார். பாட்டு முடியுமுன்னே எழுந்துவிட்டார்.

"இன்னாப்பா பண்ணி வச்சிருக்க? எங்க அம்மனுக்குக் கூரை போட்டுட்டியே!"

எங்கள் அம்மன் வெயிலிலும் மழையிலும் நிற்பவள். தலைக்குமேல் பந்தல்கூடப் போடவிடமாட்டாள். அவளைத் தூக்கி மண்டபத்துக்குள் உட்காரவைத்துவிட்டான் இவன்.

"அப்ப ரிவர்பே இல்லாம குடுத்துர்றேங்க."

அதையும் கேட்டார். "இது இன்னா, போன்ல பேசிக்கினு இருக்கிற மாதிரி இருக்குது? வோணாம் வுடு. பழைய பாட்டையே போட்டுக்கலாம்."

அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வுடுக்கா. களை கேட்டா போதும் என் பாட்ட."

எனக்கு எங்கிருந்துதான் ஆத்திரம் வந்ததோ! "டேய், இவ பாட்டு மலையில கேக்கலைன்னா ரூமக் காலி பண்ணிக்கினு போய்க்கினே இரு!"

"கேக்கும் ஆயா," என்றான். "நீ பலூன மட்டும் புடி."

மறுநாள் காலை மலை பஸ் ஏறினோம். மேலே போனால் மூச்சுப் பத்தாதென்று கீழேயே பலூன்களை ஊதி எடுத்து வந்துவிட்டான். பாதி என் மடியில். முதல் வளைவில் ஒன்று டமார். டிரைவர் இறங்கி டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏறினார். அடுத்த வளைவில் இன்னொன்று. மறுபடி இறங்கினார். அதற்கடுத்த வளைவில் நேரே என்னிடம் வந்தார்.

"ஆயா, நீ எறங்கு மொதல்ல."

"நான் எறங்குனா பலூன் எறங்கும். பலூன் எறங்குனா இவன் எறங்குவான். இவன் எறங்குனா அம்மனுக்குப் பாட்டு இல்ல. அப்பறம் நீயாச்சு, அவளாச்சு."

டிரைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார்.

அம்மன் முன்னால் போய் நின்றபோது மிச்சம் ஒரே பலூன். டமார் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு மைக்கை நிறுத்தினான். உடைத்தான். மோதித் திரும்பச் சுவர் ஏது? சத்தம் வானத்தோடு போய்விட்டது. அவன் முகம் செத்துப்போயிற்று. அப்போதுதான் எதிர்மலை அந்தச் சத்தத்தை மெதுவாகத் திருப்பிக் கொடுத்தது, தூரத்தில் யாரோ "இருக்கேன்" என்று சொன்னதுபோல.

அந்த மலையைப் பாட்டில் ஏற்றினான். பெரிய பங்காளி மாடி அறையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, தலைக்கு மேலிருந்த கூரையைப் பார்த்துச் சொன்னார்: "இப்ப கூரை இல்ல."

ஆடியில் அஞ்சலை ஸ்பீக்கரிலிருந்து பாடினாள். மைக்செட்டுக்குள் இருந்த மலையும் வெளியே நின்ற மலையும் சேர்ந்து பின்பாட்டுப் பாடின. சும்மாவே பாடுகிற மலைக்கு எதற்கு இத்தனை பலூன் என்று எனக்குத் தோன்றியது. அவனிடம் கேட்க மனசு வரவில்லை. அஞ்சலை ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்று, "அது நாந்தான்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு மணலூர்பேட்டையிலிருந்தும் திருக்கோவிலூரிலிருந்தும் ஆள் தேடி வந்தார்கள். டமார் திருக்கோவிலூரில் பெரிய இடமாக வாடகைக்குப் பார்த்துவிட்டான்.

"பாட்டு கேக்கலைன்னா காலி பண்ணச் சொன்ன. கேட்டதால காலி பண்றேன் ஆயா."

"போ, போ. இனிமேலாச்சும் என் அண்டா நிம்மதியா இருக்கும்."

சாமான் நிறைந்த அறை சத்தத்தைத் தின்றுவிடும், வெறும் அறைதான் திருப்பிப் பேசும் என்று அவன் சொல்லுவான். வண்டி போனதும் மாடி ஏறி ஒரு தட்டு கை தட்டிப் பார்த்தேன். பேசியது. மறுநாளும் பேசியது.

"இன்னா ஆயா, தெனம் மாடியில கை தட்டிக்கினு இருக்க?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள்.

"கொசும்மா," என்றேன். "டமார் போனதுலருந்து ஜாஸ்தியாப் போச்சு."