பதினான்காம் படுக்கையின் ரத்தம்

யாருக்காவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போகட்டும் என்று நான் ஒரு வாரம் சாமி கும்பிட்டிருக்கிறேன். வாயளவில் இல்லை, சூடம் ஏற்றி. பெரிதாக ஒன்றும் வேண்டாம், லேசான தடிப்பு போதும் என்று சாமிக்குச் சலுகை வேறு கொடுத்திருந்தேன்.

அப்போது நான் தஞ்சாவூரில் ஃபார்ம் டி நான்காம் ஆண்டு. மருந்தியலில் ஆறு வருடப் படிப்பு. முடித்தால் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம், ஆனால் ஊசி போட முடியாது. நோயாளிக்குக் கொடுக்கும் மருந்து சரியா, அளவு சரியா, ஒன்றோடு ஒன்று மோதுகிறதா என்று வார்டில் பார்ப்பதுதான் எங்கள் வேலை. இதை ஊரில் விளக்கி முடிப்பதற்குள் கேட்பவர் பஸ் ஏறிப் போய்விடுவார். பாபநாசம் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் என் அப்பா மட்டும் ஒரே வரியில் சொல்லிவிடுவார்: "டாக்டருங்க தப்பு பண்ணினா புடிக்கிற டாக்டருங்க என் மக." (இதை அவர் ஒரு டாக்டரிடமே சொல்லியிருக்கிறார். ஊசி சற்று அழுத்தமாக விழுந்ததாகக் கேள்வி.)

அந்த வருடம் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டாயம் இருந்தது. மருந்தால் நோயாளிக்கு வரும் கெடுதல் ஒன்றையாவது நாமே கண்டுபிடித்து அறிக்கை எழுத வேண்டும். சனிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் வார்டு மதிப்பெண் போய்விடும். அடுத்த வருடப் பிள்ளைகளோடு மறுபடி உட்கார வேண்டியதுதான். வகுப்பில் எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். என் அறைத்தோழி பாத்திமாவுக்கு முதுகு முழுக்கச் சிவந்த ஒரு நோயாளி கிடைத்தார். படம் எடுத்து வந்து காட்டினாள். பொறாமையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் நோயாளிகளோ மருந்தைச் சாப்பிட்டுவிட்டு அநியாயத்துக்குக் குணமாகிக்கொண்டிருந்தார்கள். படுக்கை படுக்கையாகப் போய், "எங்கயாச்சும் அரிக்குதாங்களா? தலை சுத்துதா?" என்று கேட்டேன். ஒரு பெரியவர் யோசித்துவிட்டு, "இல்லம்மா. ஆனா நீ கேட்டதுலேருந்து அரிக்கிற மாதிரிதான் இருக்கு" என்றார். அதை எழுதலாமா என்று பேராசிரியையிடம் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இந்த நிலையில்தான் பதினான்காம் படுக்கை ராஜாமணி அம்மாளை நான் குறிவைத்தேன். வலங்கைமான் பக்கத்து ஊர். காலில் ரத்தம் கட்டிப் படுத்திருந்தார். கட்டி மேலே ஏறி நுரையீரலுக்குப் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாத்திரை அதிகமாகிவிட்டால் முதலில் ஈறில் ரத்தம் கசியும் என்று புத்தகத்தில் படித்து, அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தேன். சேர்ந்த அன்றே, "வெத்தலை பாக்குப் பழக்கம் உண்டாங்க?" என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டதற்கு, "அய்ய, கிடையவே கிடையாது" என்று அடித்துச் சொல்லிவிட்டார். நானும் இல்லை என்று எழுதிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை அவர் கைகழுவும் தொட்டியை விட்டு நகர்ந்தார். தொட்டியில் சிவப்பு. உதட்டோரத்தில் சிவப்பு. வாழ்க்கையில் நான் எதைப் பார்த்தும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"வாயில என்னங்கம்மா?"

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார். பாவம், வலியைச் சொல்லாமல் பொறுத்துக்கொள்கிறார் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. (கலங்கிய கண்ணுக்கு என்ன தெரியும்?)

ஓடினேன். பணியில் இருந்த டாக்டர் காலை மாத்திரையை நிறுத்திவைத்து, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். நான் உட்கார்ந்து அறிக்கையை எழுதினேன். மருந்துதான் காரணமா என்ற கேள்விக்கு 'இருக்கலாம்', 'பெரும்பாலும்', 'நிச்சயம்' என்று கட்டங்கள் இருந்தன. 'நிச்சயம்' என்ற கட்டத்தில் காகிதம் கிழியும்படி டிக் அடித்தேன். பிறகு அப்பாவுக்கு போன் போட்டேன்.

"அப்பா, புடிச்சிட்டேன்!"

"ஒரு உசுர காப்பாத்திட்டேன்னு சொல்லு!" என்றார். போனை வைப்பதற்கு முன்பே கொடிக்காலில் இலை கிள்ளிக்கொண்டிருந்தவர்களிடம் அவர் அறிவிப்பது எனக்குக் கேட்டது.

பத்து மணிக்குப் பெரிய டாக்டர் வந்தார். பின்னால் சின்ன டாக்டர்கள், நர்சுகள், என் பேராசிரியை, பாத்திமா உட்பட என் வகுப்பு. நான் அறிக்கையை அசெம்பிளியில் செய்தி வாசிப்பது போல வாசித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்போதுதான் வந்த பரிசோதனைத் தாளைப் பார்த்தார்.

"ரத்தம் மெலியவே இல்லையேம்மா. ரெண்டு தடவை மாத்திரையைக் கூட்டியும் மெலியலை. அப்புறம் எப்படிக் கசியும்?"

"வாயில பார்த்தேன் சார்."

"அம்மா, வாயத் திறங்க."

ராஜாமணி அம்மாள் திறக்கவில்லை. மறுபடி சொன்னார். திறந்தார். டார்ச் அடித்தவர் பின்வாங்கி மெல்ல மூச்சை இழுத்தார். வாசனை என்வரைக்கும் வந்தது. பாக்கு, சுண்ணாம்பு, அதற்கும் மேலே அந்த இளங்காரம். நான் பிறந்து வளர்ந்த வாசனை.

"நீங்க எந்த ஊரும்மா?" என்று என்னைக் கேட்டார்.

"பாபநாசம் பக்கம் சார்."

"அப்பா என்ன செய்றார்?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

"வெத்தலைக் கொடிக்கால் சார்."

முதலில் சிரித்தது நர்ஸ். அடுத்தது பாத்திமா. பிறகு யார் யார் என்று எனக்குத் தெரியாது, நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய டாக்டர் மட்டும் சிரிக்காமல் நோயாளியிடம் திரும்பினார். "வார்டுக்குள்ள யாரும்மா உங்களுக்கு வெத்தலை கொண்டாந்து குடுத்தது?"

ராஜாமணி அம்மாள் தலையணைக்கு அடியில் கைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். வாழைச் சருகில் சுற்றிய ஒரு கவுளி வெற்றிலை, நூறு இலையில் இப்போது பாதிகூட இல்லை. மேலே வாழைநார் முடிச்சு. அந்த முடிச்சை எனக்கு நன்றாகத் தெரியும். என் பள்ளிக்கூட டிபன் மூடியை அப்பா அதே முடிச்சுப் போட்டுத்தான் கட்டிக் கொடுப்பார்.

"இந்த டாக்டரம்மாவோட அப்பாதாங்க" என்றார் ராஜாமணி அம்மாள், என்னைக் கைகாட்டி. "ஞாயித்துக்கிழமை வந்திருந்தாரு. எங்க வீட்டுக்காரரு, வெத்தலை இல்லாம எனக்குச் சோறே இறங்கலைன்னு வராந்தாவுல பேசிக்கிட்டிருந்திருக்காரு. பைய தொறந்து அப்படியே எடுத்துக் குடுத்துட்டாரு. தங்கமான மனுசன்."

ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தவரை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, வெள்ளைக் கோட்டில் நான் நடப்பதை அவர் பார்க்கட்டும் என்று தேவையில்லாமல் நாலு தடவை குறுக்கே நடந்தேன். நான் நடந்த நேரத்தில் அவர் விநியோகம் செய்திருக்கிறார்.

பெரிய டாக்டர் விளக்கினார். கீரை மாதிரி பச்சை இலை தினமும் நிறைய உள்ளே போனால் இந்த மாத்திரையின் வேலை குறைந்துபோகலாம். அதனால்தான் மாத்திரையைக் கூட்டியும் பலன் இல்லாமல் இருந்திருக்கும். அதாவது நான் மருந்து அதிகமாகிவிட்டது என்று கத்தினேன், நடந்தது நேர்மாறு. கட்டி கரையாமல் ஒரு பெண் ஆபத்தில் படுத்திருக்க, நான் அவர் வாயைப் பார்த்து மதிப்பெண் கணக்குப் போட்டிருக்கிறேன். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

பேராசிரியை என் அறிக்கையைக் குறுக்காகக் கோடு போட்டு அடித்தார். பிறகு புதுப் படிவம் ஒன்றை நீட்டி, "இப்ப உண்மையில நடந்ததை எழுது. ஒரு வரி விடாம" என்றார். எழுதினேன். மருந்தோடு மோதிய பொருள்: வெற்றிலை. கிடைத்த வழி என்ற இடத்தில் பேனா நின்றது. அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். 'மாணவியின் தகப்பனார்' என்று எழுதினேன். அந்த அறிக்கைக்குத்தான் எனக்கு மதிப்பெண் கிடைத்தது.

சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "வெத்தலை நல்லாருந்துச்சாமா அவங்களுக்கு?" என்றார். நான் கத்துவதற்கு வாயெடுக்கும்போது குரல் இறங்கி, "அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆயிடலையே பாப்பா?" என்றார். ஒன்றும் ஆகவில்லை, மாத்திரை இனி வேலை செய்யும் என்று நான் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிறு வந்து ராஜாமணி அம்மாளின் கட்டிலருகே நின்று மன்னிப்புக் கேட்டார். வெற்றிலைப் பை இல்லாமல் அப்பாவை நான் வெளியில் பார்த்தது அன்றைக்குத்தான்.

இன்றைக்கும் என் சித்தப்பா வெற்றிலை போட்டால் நாக்கை நீட்டிக் காட்டி, "ரத்தம் வருது, எழுதிக்க" என்பார். அதைத் தாங்கிக்கொள்ளலாம். அப்பா செய்வதைத்தான் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து அவர் யாருக்கு வெற்றிலை நீட்டினாலும், "ரத்தம் மெலியிறதுக்கு மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்காமல் கொடுப்பதில்லை. என் கல்யாணத்தில் மண்டப வாசலில் தாம்பூலப் பையோடு நின்றுகொண்டு, வந்தவர் போனவர் அத்தனை பேரையும் கேட்டார். வரிசை தெருவரைக்கும் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் வேனில் ஏறாமல் காத்திருந்தார்கள்.

மூன்று பேர் ஆமாம் என்றார்கள். அவர்களுக்கு வெற்றிலையை எடுத்துவிட்டு வெறும் தேங்காயோடு பையைக் கொடுத்துவிட்டு, மாலையும் கழுத்துமாக நின்ற என்னிடம் வந்து அப்பா மூன்று விரலைக் காட்டினார்.

நான் ஒரு வாரம் சூடம் ஏற்றியும் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை.