இரு மாநில மாவுத் திட்டம்

உலகப் பொருளாதாரமே ஆட்டம் கண்டிருக்கும் இந்தக் காலத்தில் அசையாமல் நிற்கும் குடும்பம் ஒன்று உண்டு. கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கிழக்கே வந்தால், தமிழ்நாட்டு எல்லைக்கு மூன்று கிலோமீட்டர் இந்தப் பக்கம் இருக்கிறது. நிதி நிபுணர்கள் யாரும் இன்னும் அதை வந்து பார்வையிடவில்லை என்பது அவர்களுடைய துரதிர்ஷ்டம். அந்தக் குடும்பத்தின் தலைவன் நான். பெயர் மோகனசுந்தரம். சொத்து நாற்பத்தெட்டுத் தென்னை மரம், ஒரு ஸ்கூட்டர். பதவி, தென்னை விவசாயிகள் சங்கத்தில் பதினான்கு வருடமாகத் துணைச் செயலாளர்.

சங்கத்தில் கற்ற நிர்வாகத்தை வீட்டுக்குள் கொண்டுவந்ததுதான் என் சாதனை. 'இல்லச் சிக்கன நடவடிக்கைக் குழு' என்று ஒன்றை நிறுவினேன். தலைவர் நான். உறுப்பினர் என் மனைவி யோகப்பிரியா. பிளஸ் டூ படிக்கும் மகள் மௌனிகா ஓட்டுரிமை இல்லாத பார்வையாளர். மாதத்தின் முதல் ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம். வயிறு நிறைந்திருக்கும்போது எதிர்ப்பு குறைவாக இருக்கும் என்பது சங்க அனுபவம்.

குழுவின் தீர்மானங்களை முழுவதும் சொன்னால் உங்களுக்குப் பொறாமை வரும். இரண்டாவது விசிலில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். மீதியைக் குக்கரின் 'உள்வெப்பம்' பார்த்துக்கொள்ளும். (பருப்பை மென்று சாப்பிட்டால் பல்லுக்கும் உறுதி.) டிவி ஓடும்போது விளக்கு கூடாது, டிவியே ஒரு விளக்குதான். பற்பசைக் குழாய் காலியானதும் கத்தரியால் பிளந்து இன்னும் ஆறு நாள் ஓட்ட வேண்டும். பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை மின்விசிறி நிறுத்தப்படும்.

"சித்திரை வெயில்ல ஃபேன் இல்லாம எப்படிங்கப்பா?" என்று பார்வையாளர் விதியை மீறிக் கேட்டாள்.

"வெயில் நேரத்தில் விசிறி வெக்கையைத்தான் சுற்றி விடும். காற்று தராது. இது விஞ்ஞானம்."

"உங்க ரூம்ல மட்டும் ஓடுதுங்களே?"

"தலைவர் யோசிக்க வேண்டியிருக்கிறது."

"வெக்கையிலயா யோசிக்கிறீங்க?"

இந்தக் கேள்வியை நான் குறிப்பேட்டில் ஏற்றவில்லை.

இதற்கெல்லாம் மேலாக எங்களுக்கு இயற்கை தந்த வரம் அந்த எல்லைக்கோடு. பெட்ரோல் அந்தப் பக்கம் விலை குறைவு. தக்காளியும் அந்தப் பக்கம்தான். ரேஷன் அரிசி இந்தப் பக்கம். ஒரு காலைக் கேரளத்திலும் ஒரு காலைத் தமிழ்நாட்டிலும் வைத்துக் குடும்பம் நடத்தத் தெரியாதவன் எல்லையில் குடியிருந்து என்ன பயன்?

இப்படி இருக்கையில்தான் ஆர்டர் வந்தது.

யோகப்பிரியா ஆறு வருடமாக இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்தில் இருபது வீட்டுக்குக் கொடுக்கிறாள். ஊருக்குள் நர்ஸிங் படிக்கும் பெண்களின் விடுதி ஒன்று இருக்கிறது. அங்கே நூற்றிருபது பிள்ளைகள். அந்த விடுதி வாசலுக்கு இரண்டு வருடத்தில் நான்கு முறை மாவுத் தூக்கோடு நடந்திருக்கிறாள். கடைசியில் வார்டன் செல்வப்பிரியா மனம் இரங்கினாள். திங்கட்கிழமை காலை ஆறரைக்குள் நாற்பது கிலோ மாவு. சரியாக இருந்தால் வருடம் முழுக்க, ஞாயிறு தவிர தினமும்.

அன்றைக்கு யோகப்பிரியா எனக்குப் பருப்பை நன்றாக வேகவைத்துப் பரிமாறினாள். நான் குக்கர் விசிலை எண்ணியிருந்தேன். ஐந்து. ஆனாலும் பெருந்தன்மையாக இருந்துவிட்டேன்.

"ஏனுங்க," என்றாள். "இந்த ஒருவாட்டி மட்டும் குழுவெல்லாம் வேண்டாமுங்க. நானே பாத்துக்கறனுங்க."

குழு இல்லாமல் ஒரு காரியமா? உடனே அவசரக் கூட்டத்தைக் கூட்டினேன்.

"நாற்பது கிலோ மாவு. கிரைண்டர் எத்தனை மணி நேரம் ஓடும்? அப்புறம் ராத்திரி முழுக்க அந்தப் பெரிய ஃபிரிட்ஜ்." அது ஒரு பேக்கரிக்காரர் கடையை மூடியபோது அவள் மாவுக் காசில் வாங்கியது. ஆள் நிற்கலாம், அவ்வளவு உயரம். "கரண்ட் யார் கட்டுவது?"

"நான்தானுங்களே கட்டறேன். எப்பவும் கட்டறதும் நான்தானுங்க."

"யார் கட்டினாலும் குடும்பப் பணம்," என்றேன் தலைவருக்குரிய நடுநிலையோடு. "உன் அண்ணன் வீடு எல்லைக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறது? அங்கே முதல் நூறு யூனிட் இலவசம். ஓசிக் கரண்டில் அரைத்து, ஓசிக் கரண்டில் குளிர வைத்து, விடிந்ததும் கொண்டுவந்தால்?"

யோகப்பிரியா என்னைப் பார்த்தாள். வியப்பு என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

"ஊட்டுல கிரைண்டர வெச்சுட்டு, மாவாட்ட அடுத்த ஸ்டேட்டுக்குப் போறதுங்களா?"

"இரு மாநில மாவுத் திட்டம்," என்றேன். தீர்மானம் ஒரு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. ஆதரவு ஒன்று, தலைவரின் சிறப்பு ஓட்டு ஒன்று, எதிர்ப்பு ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை கிரைண்டரைக் குட்டியானை வண்டியில் ஏற்றிப் போனோம். வண்டி வாடகை எழுநூறு ரூபாய். அது மூலதனச் செலவு. சிக்கனக் கணக்கில் வராது.

யோகப்பிரியாவின் அண்ணன் பூபதிராஜா வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாங்க மாப்ளே. அந்த நூறு யூனிட்டு எங்களுக்கே பத்தறதில்லீங்க. போன தடவையே மேல போயிருச்சு."

"மச்சான், சொந்தத்துக்குள்ள யூனிட்டெல்லாம் எண்ணக் கூடாது," என்றேன். எண்ணுவது என் வேலை.

சாயங்காலத்துக்குள் மாவு அரைத்து முடிந்தது. பத்துப் பத்துக் கிலோவாக நான்கு டிரம். அவர் வீட்டு ஃபிரிட்ஜ் என் இடுப்பு உயரம். காய்கறியை எல்லாம் வெளியே எடுத்த பிறகு ஒரு டிரம் உள்ளே போயிற்று. மூன்று வெளியே நின்றன.

"ஏனுங்க, இந்த வெக்கைக்கு வெளிய வெச்சா பொங்கிருமுங்க. இப்பவே நம்மூட்டுக்குக் கொண்டு போயிரலாமுங்க."

"மூடியை இறுக்கினால் எப்படிப் பொங்கும்?"

"மாவுக்கு மூடியெல்லாம் தெரியாதுங்க."

நான் பழைய சைக்கிள் டியூபை வெட்டி, மூன்று டிரம்மின் மூடியையும் வரிந்து கட்டினேன். பூபதிராஜா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "மாப்ளே, இது மாவுங்களா, வெடிங்களா?" என்று கேட்டார். படிப்பு குறைந்தவர்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். ஆட்டோ பிடிக்கலாம் என்றாள். இருநூறு ரூபாய் கேட்பான் என்றேன். ஸ்கூட்டரில் காலடியில் இரண்டு டிரம், பின்னால் கட்டியது ஒன்று, யோகப்பிரியாவின் மடியில் ஒன்று. சும்மாவா போவது என்று வழியில் நின்று பெட்ரோலும் போட்டுக்கொண்டேன்.

எங்கள் சோதனைச் சாவடி வாளையார் மாதிரி லாரி வரிசை நிற்கும் இடமல்ல. ஒரு கம்பு, ஒரு மேஜை, எதிரே ஒரு டீக்கடை. அன்று அங்கே பணியில் இருந்தவர் எக்சைஸ் அதிகாரி டிஜோ. கை காட்டினார். நிறுத்தினேன்.

நிறுத்திய பிறகுதான் சத்தம் கேட்டது. 'உஸ்ஸ்' என்று ஒரு சீறல். ஸ்கூட்டர் டயர் என்று நினைத்துக் குனிந்தேன். காலடி டிரம்மின் மூடி என் காதை உரசிக்கொண்டு போய், டீக்கடைத் தகரக் கூரையில் விழுந்தது. வெள்ளை நுரை எழும்பி வழிந்தது. புளித்த வாடை சாவடியெங்கும் பரவியது. டிஜோவின் காக்கிச் சட்டையிலும் ஒரு கை அளவு இருந்தது.

அவர் முகர்ந்து பார்த்தார். "இதெந்தா? சாராய ஊறலா?"

"இட்லி மாவுங்க," என்றாள் யோகப்பிரியா.

"எங்கே கொண்டு போறது?"

"கொழிஞ்சாம்பாறை."

"வீடு எங்கே?"

"கொழிஞ்சாம்பாறைப் பக்கந்தானுங்க."

"அப்போ மாவு ஏன் தமிழ்நாட்டிலேர்ந்து வருது?"

இந்த இடத்தில் அவள் என்னைப் பார்த்தாள். நான் முன்னால் வந்தேன். குழுவின் தோற்றம், நோக்கம், நூறு யூனிட், உள்வெப்பம் என்று எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்துச் சொன்னேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. உண்மையைத் தவிர நான் எதையும் சொல்லவில்லை. அதுதான் வினையாயிற்று.

"சேட்டா," என்றார் டிஜோ, "பதினொரு வருஷமா இந்த வேலை. ஸ்பிரிட் கடத்துறவன் எத்தனையோ கதை சொல்லிக் கேட்டிருக்கேன். இவ்வளவு மோசமான கதை யாரும் சொன்னதில்லை." மேலதிகாரிக்குப் போன் போட்டார். காகிதத்தை எடுத்தார். "சரி, சாதனம், இந்தச் சரக்கு, யாருடையது? பேர் எழுதணும்."

இரு மாநில மாவுத் திட்டத்தின் தந்தை, நிறுவனர், தலைவர் ஆகிய நான், ஒரு நொடியும் தயங்காமல் விரலை நீட்டினேன்.

"இவளுடையது சார். நான் வண்டி ஓட்ட வந்தவன்."

யோகப்பிரியா மடியிலிருந்த டிரம்மை இறக்கி வைத்தாள். வழிந்து போனதில் மிஞ்சியதை ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனாள். கடைக்காரரிடம் கல்லைக் கேட்டு வாங்கி, தோசை ஊற்றி, திருப்பிப் போட்டு, சட்னியோடு டிஜோ முன்னால் வைத்தாள்.

"ஆறரைக்கே கொடுக்க வேண்டிய மாவுங்க சார் இது. என்ற பேரை எழுதிக்குங்க. யோகப்பிரியா. ஆனா சாப்புட்டுட்டு எழுதுங்க."

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணை மூடினார். "நல்லா புளிச்சிட்டுண்டு. பக்ஷே, மாவு தன்னே." மாவுதான் என்று ஒப்புக்கொண்டு காகிதத்தைக் கிழித்துப் போட்டார். "போய்க்கோ சேச்சி. ஆறரைக்குக் கொடுக்கணும்னு முதல்லயே சொல்லக் கூடாதா?"

சொல்ல விடாமல் பேசிக்கொண்டிருந்தது யார் என்று அவர் கேட்கவில்லை.

விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டேகால். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துத் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ரவை உப்புமா. செல்வப்பிரியா, ராத்திரி மச்சான் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த அந்த ஒரு டிரம்மைத் திறந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். "இது நல்லாத்தானுங்க இருக்குது," என்றாள். மற்ற மூன்றையும் பார்த்தாள்.

"யோகாக்கா, பசியோட நூத்திருவது புள்ளைங்க. நான் என்னன்னு சொல்லறதுங்க? பாக்கெட் மாவுக் கம்பெனிக்காரன் நேத்தே வந்து நின்னானுங்க. நாளையிலிருந்து அவனையே வரச் சொல்லிட்டனுங்க." அவள் குரலில் கோபம் இல்லை. கோபமாகவே சொல்லியிருக்கலாம்.

யோகப்பிரியா மூடிகளைத் திரும்பப் போட்டாள். மூடி இல்லாத டிரம்மின் மேல் தன் துண்டைப் போட்டாள்.

வீட்டுக்குத் திரும்பினோம். தலைவன் என்ற முறையில் ஆறுதல் சொல்வது என் கடமை. ஆனால் எனக்குத் தெரிந்த ஆறுதல் ஒரே வகைதான்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் அவளே கேட்டாள்.

"ஏனுங்க, கரண்ட்ல எவ்வளவு மிச்சமுங்க?"

கேட்டுவிட்டாளே என்று மனதுக்குள் மகிழ்ச்சி பொங்கியது. கிரைண்டர் ஓடிய நேரம், ஃபிரிட்ஜ் ஓடாத நேரம், நம்முடைய யூனிட் விலை எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே கணக்கிட்டேன்.

"பதினெட்டு ரூபாய்."

அவள் கையை நீட்டினாள். "கொடுங்க."

என்னிடம் ஒரு இருபது ரூபாய் நோட்டு இருந்தது. கொடுத்தேன். அவள் அதை மடித்து மாவுச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள். பிறகு அதே பைக்குள் துழாவி ஒரு இரண்டு ரூபாய் நாணயத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

இரண்டு வருடம் ஒரு வாசலுக்கு நடந்து அவள் சம்பாதித்ததை நான் விற்ற விலை அது. மீதிச் சில்லறையைக் கூட அவள் எனக்குப் பாக்கி வைக்கவில்லை.